கடல்மீன் தொட்டி வைக்கப் போகிறீர்களா? வாங்கும் முன் வாசியுங்கள்

ஜும்ஆ முடிந்து கடையைத் திறந்த ஒரு வெள்ளிக்கிழமை, மாவனல்லையிலிருந்து ஒரு தம்பி வந்தார். புதிதாக ரெஸ்டூரண்ட் ஒன்று திறக்கப் போகிறாராம். வாசலில் நுழைந்ததும் கண்ணில் படும்படி நான்கடி நீளத்தில் ஒரு கடல்மீன் தொட்டி வைக்க வேண்டும், உள்ளே முருகைக்கல்லும் வேண்டும் என்றார். "பெருநாளைக்கு முதல் எல்லாம் ரெடியாக வேணும் நானா. காசு பிரச்சினை இல்ல."

பெருநாளுக்கு மூன்று வாரங்களே இருந்தன. நோன்பு நேரம் என்பதால் தேநீரும் கொடுக்க முடியாது. "இருங்க தம்பி, முதலில் கதைப்போம்" என்று கதிரையைப் போட்டேன். அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இந்த வாரம் இங்கே எழுதுகிறேன். கடை, ஹோட்டல், கிளினிக் என்று பல இடங்களில் எமது சகோதரர்கள் இப்போது கடல்மீன் தொட்டி வைக்க விரும்புகிறார்கள். சிலர் அதையே ஒரு பக்க வியாபாரமாகவும் யோசிக்கிறார்கள். இருவருக்கும் இது பயன்படும்.

எனது கடை பழைய சோனகத் தெருவில். பைப், வால்வு, சிலிக்கோன், பெயின்ட் விற்கும் ஹார்ட்வெயார் கடை. மீன் எனக்குப் பக்க வியாபாரம். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் பெரிதாகப் படித்தவனும் அல்ல நான். இதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கைக்காசு போய்த் தெரிந்துகொண்டது.

முதல் நட்டத்தைச் சொல்லி விடுகிறேன். பதினைந்து வருடங்களுக்கு முன் ஒரு ஹோட்டல் முதலாளி, திறப்பு விழாவுக்குப் பத்து நாட்கள் இருக்கும்போது தொட்டி கேட்டார். முற்பணம் தந்தார், நானும் தலையாட்டினேன். திங்கட்கிழமை கடல்நீர் நிரப்பினோம். வியாழக்கிழமை பதினான்கு மீன்கள் விட்டோம். சனிக்கிழமை விழா. வந்தவர்கள் எல்லாம் தொட்டிக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை பதினொரு மீன்கள் மிதந்தன. "ஹாஜியார், எங்கட மீன் கடையிலும் இப்படி நாறாது" என்று முதலாளி சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. அவருடைய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

மீன் நோயில் சாகவில்லை. தன் கழிவிலேயே செத்தது. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும். அதுவும் மீனுக்குக் கூடாது. இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றும். இது அவ்வளவு கொடியதல்ல, தண்ணீர் மாற்றும்போது வெளியே போய்விடும். இந்தப் பற்றீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருகுவதற்கு நான்கு தொடக்கம் ஆறு வாரங்கள் செல்லும். அதுவரை தொட்டியில் மீன் இல்லாமல், ஓர் இறால் துண்டைப் போட்டு அழுகவிட்டு, சோதனை மருந்தால் நீரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அமோனியாவும் நைத்திரைற்றும் ஏறி, பிறகு இரண்டும் பூச்சியத்துக்கு இறங்கிய அன்றுதான் முதல் மீன். இந்த ஆறு வாரத்தைக் காசு கொடுத்துக் குறைக்க முடியாது. முதலாளிமாருக்கு விளங்கக் கஷ்டமான விடயம் இதுதான். கடன் வாங்கியாவது வேலையை முடிக்கப் பழகியவர்கள் நாங்கள்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது மீன் அல்ல. தொட்டி, பைப், பம்பு, உப்பு, சோதனை மருந்து. இதில் பாதி எமது தெருவிலேயே கிடைக்கும். ஆனால் ஹார்ட்வெயார்காரன் ஆகிய நானே இங்கும் பிழை விட்டேன். அந்த ஹோட்டல் தொட்டியைப் பிறகு ஒழுங்காக ஆறு வாரம் வைத்து மீண்டும் செய்து கொடுத்தேன். மீன்கள் நன்றாக இருந்தன. கிளீனர் இறால் மட்டும் விட விட செத்தது. இரண்டு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் நீர்கொழும்புப் பக்கம் மீன் தேக்கி வைத்து விற்கும் ஒருவர் வந்து, குனிந்து தொட்டியின் அடியைப் பார்த்துவிட்டு, "இந்தப் பித்தளை வால்வு யார் போட்டது?" என்று கேட்டார். நான்தான் போட்டேன். கடையிலிருந்த வால்வுகளில் விலை கூடியது, நல்லது என்று எடுத்துப் போட்டது. பித்தளையில் செம்பு இருக்கிறது. உப்புநீர் அதை அரித்துக் கரைக்கும். மீன் தாங்கும் அளவு செம்பை இறாலும் அனிமனியும் தாங்காது. பி.வி.சி. வால்வு அதன் விலையில் ஒரு பங்குகூட இல்லை, அதுதான் சரியானது.

சிலிக்கோனும் அப்படித்தான். குளியலறைக்கு விற்கும் சிலிக்கோனில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க மருந்து சேர்த்திருப்பார்கள். அது தொட்டிக்கு ஆகாது. மருந்து சேராத, கண்ணாடிக்கு என்றே வரும் சிலிக்கோனைக் கேட்டு வாங்குங்கள். நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டி ஏறக்குறைய 450 லீற்றர் கொள்ளும். கண்ணாடி, கல், மணல் எல்லாம் சேர்த்தால் அரைத் தொன்னைத் தாண்டும். 12 மில்லிமீற்றர் கண்ணாடிக்குக் குறையாதீர்கள். மேல் மாடியில் வைப்பதென்றால் பாஸிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வையுங்கள். மின்சாரத்துக்குத் தனியாக ட்ரிப் சுவிட்ச் போடுங்கள். வயரை பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டுப் பிறகு மேலே கொண்டு போனால், வயர் வழியே வழியும் உப்புத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

நுரை பிரிக்கும் ஸ்கிம்மர், உப்பின் அளவு பார்க்கும் ரிஃப்ரக்டோமீற்றர், நீரோட்டப் பம்பு, இவை வெளிநாட்டுச் சாமான்கள். 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்து, 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, ஒரு பம்பின் இம்பெல்லர் உடைந்ததற்காக முழுப் பம்பையும் தூக்கி வீசியவர்களை எனக்குத் தெரியும். பம்பு வாங்கும்போதே இம்பெல்லர் ஒன்றும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாட்டை விட்டுப் போகிறவர்கள் விற்கும் பாவித்த சாமான்களும் சந்தையில் நிறைய வருகின்றன. நல்ல விலைக்கு நல்ல சாமான் கிடைக்கும். ஆனால் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: இந்தத் தொட்டியில் எப்போதாவது செம்பு மருந்து விட்டதுண்டா? விட்டிருந்தால் அதன் கல்லையும் மணலையும் இலவசமாகத் தந்தாலும் எடுக்காதீர்கள்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. கடல் பக்கத்தில் இருப்பவர்கள் கடல்நீரை அள்ளுகிறார்கள். மழை பெய்து ஆற்று நீர் கலந்திருக்கும் நாட்களில் கரையில் அள்ளினால் அழுக்கைத்தான் அள்ளுவீர்கள். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து, நீர்கொழும்புக் கரையெல்லாம் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கிய பிறகு, நான் மேற்குக் கரையில் தண்ணீர் அள்ளுவதை விட்டுவிட்டேன். மாவனல்லை போன்ற இடத்துக்கு எப்படியும் உப்புக் கரைப்பதுதான் வழி. லீற்றருக்கு 35 கிராம் அளவில், 400 லீற்றருக்கு 14 கிலோ உப்பு. சமையல் உப்பு அல்ல, தொட்டிக்கென்று வரும் உப்பு. மாதம் 60 லீற்றர் மாற்றினாலும் இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டும். இந்தச் செலவைத் தொட்டி செய்து கொடுப்பவர்கள் வாயே திறந்து சொல்வதில்லை. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளே நிற்கும். ஆகவே மட்டம் குறைந்தால் சேர்க்க வேண்டியது நல்ல தண்ணீர். கடைப் பையன் உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி மீனை ஊறுகாய் ஆக்கிய கதையும் உண்டு. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருப்பதையும் மறக்க வேண்டாம்.

இனி முருகைக்கல்லுக்கு வருவோம். தம்பி கேட்டதும் அதுதான்.

இலங்கையில் கல்முருகை எல்லாமே விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. உயிருள்ளதை உடைத்து எடுப்பதும் விற்பதும் குற்றம். நாடு 1979இல் சேர்ந்த சைட்டிஸ் உடன்படிக்கையிலும் கல்முருகைகள் இருக்கின்றன, ஆகவே வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்தாலும் அதற்கான அனுமதிப்பத்திரம் வேண்டும். "உயிர்க்கல்" என்று விற்கும் பாறைத் துண்டும் கடலுக்குள்ளிருந்து பெயர்த்த முருகைக்கல்தான். அதுவும் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டும்.

இருந்தும் இரவோடு இரவாக வாளியில் கொண்டு வந்து தருகிறோம் என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் வந்தார்கள். பில் தருவீர்களா என்று கேட்டேன், சிரித்தார்கள். பில் இல்லாத சரக்கை ரெஸ்டூரண்டின் வாசலில், விளக்கும் போட்டு, ஊர் பார்க்க வைப்பதைப் போல் ஒரு மடத்தனம் உண்டா? யாராவது ஒருவர் படம் எடுத்து அனுப்பினால் போதும், கடையின் பெயர் போய்விடும். சட்டத்தை விட்டுப் பார்த்தாலும், 1998இல் கடல் சூடாகி ஹிக்கடுவையிலும் கற்பிட்டி பார் ரீஃபிலும் முருகை வெளுத்துச் செத்ததைச் சுழியோடிகள் இன்னும் சொல்லி வருந்துகிறார்கள். 2016இலும் வெளுத்தது. உருண்டையாக வளரும் முருகை வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும். அதை உடைத்தவனின் பேரனும் அந்த இடத்தில் மீன் பிடிக்க வேண்டும் அல்லவா?

வேறு வழி இருக்கிறது. சீமெந்தும் சிப்பித்தூளும் பெரிய உப்புக்கல்லும் கலந்து கல் வார்க்கலாம். உப்பு கரைந்து போக, கல் முழுக்கத் துளையாகி நிற்கும், பற்றீரியா குடியேற அதுவே போதும். ஆனால் சீமெந்தின் காரம் இறங்கும்வரை, தண்ணீர் மாற்றி மாற்றி ஒன்றரை, இரண்டு மாதம் ஊறவிட வேண்டும். நான் இப்போது மொட்டை மாடியில் எப்போதும் இரண்டு பீப்பாய் கல் ஊறப் போட்டிருக்கிறேன். கல் ஏற்கெனவே ஊறியிருந்தால் வாடிக்கையாளரின் காத்திருப்பில் அந்தப் பங்கு குறையும்.

அடுத்தது மீன். இதில்தான் பணமும் போகிறது, பாவமும் சேருகிறது.

எமது கடலில் பிடிபடும் அலங்கார மீன்களில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குத்தான். சுழியோடிகள் கையால் பிடிக்கிறார்கள், தேக்கி வைப்போர் வாங்குகிறார்கள், அங்கே தெரிந்தெடுத்தது விமானம் ஏறுகிறது. உள்ளூர்க் கடைக்கு வருவதில் நல்லதும் உண்டு, கழித்துவிட்டதும் உண்டு. செட்டை கிழிந்தது, பெட்டிக்குள் அடங்காத அளவு பெருத்தது, தீனி எடுக்காமல் மெலிந்தது. விலை குறைவாக இருந்தால், ஏன் குறைவு என்று முதலில் கேளுங்கள்.

பருவத்தையும் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் மேற்கும் தெற்கும் கலங்கிக் கிடக்கும். அப்போது சுழியோடிகள் திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம். வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கினால் கிழக்கு மூடிவிடும், வருட முடிவோடு தொழில் கற்பிட்டி, ஹிக்கடுவை, வெலிகமைக்குத் திரும்பும். ஜூலை மாதம் ஒருவர் "இன்று காலை ஹிக்கடுவையில் பிடித்தது" என்றால், அவர் மீனையும் அறியவில்லை, கடலையும் அறியவில்லை. திருகோணமலையிலிருந்து வரும் மீன் ஆறேழு மணித்தியாலம் பையில் கிடந்து வருகிறது. ஒரு நாள் தீனி நிறுத்தி, பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் மீதி ஒட்சிசனுமாக அடைத்து, இரவுக் குளிரில் அனுப்புபவரே தொழில் தெரிந்தவர்.

ஆழத்தில் பிடித்த மீனை அவசரமாக மேலே கொண்டு வந்தால் அதன் காற்றுப்பை வீங்கிவிடும். ஊசி குத்திக் காற்றை எடுப்பார்கள். பதமாகச் செய்தால் பிழைக்கும், அவசரத்தில் குத்தினால் ஒரு வாரத்தில் உள்ளே அழுகிச் சாகும். அந்த ஒரு வாரம்தான் கடைக்காரனின் அதிர்ஷ்டமும் உங்கள் துரதிர்ஷ்டமும். அதனால் புதுமீன் வந்த அன்று நான் வாங்குவதில்லை. முற்பணம் கொடுத்து, என் மீனை ஒரு வாரம் அங்கேயே விடச் சொல்வேன். திரும்பிப் போய், எனக்கு முன்னால் தீனி போடச் சொல்வேன். தின்றால் மீதிப் பணம். சிலர் முகம் சுளிப்பார்கள், சிலர் கொஞ்சம் கூடக் கேட்பார்கள். கொடுங்கள். நாங்கள் விலையை நசுக்க நசுக்க, சுழியோடி ஒருநாளில் இறங்கக் கூடாத தடவைகள் இறங்குகிறான், மீனையும் அவசரமாக ஏற்றுகிறான், தன் உடம்பையும் கெடுத்துக்கொள்கிறான்.

பார்க்கும்போது மேலிருந்து முதுகைப் பாருங்கள். முதுகுச் சதை வற்றியிருந்தால் பட்டினி கிடந்த மீன். வயிறு ஒட்டியிருக்கிறதா, வாயில் வலை உரசிய புண் இருக்கிறதா, செவுள் வேகமாக அடிக்கிறதா, தலை கீழாகவோ மேலாகவோ நீந்துகிறதா, உடம்பில் உப்புத் தூவியது போல் வெண்புள்ளி இருக்கிறதா. பவுடர் புளூ மீனின் நீலத்தைப் பார்த்து எல்லோரும் மயங்குவார்கள். வெண்புள்ளி முதலில் பிடிப்பதும் அதற்குத்தான், நீந்த இடமும் அதிகம் வேண்டும். வண்ணாத்திப்பூச்சி மீன்களில் சில முருகையின் உயிர்ச்சதையை மட்டுமே தின்னும். மற்ற மீன்களின் மேலிருக்கும் ஒட்டுண்ணியைத் தின்னும் கிளீனர் மீனும் தொட்டியில் பெரும்பாலும் பட்டினியாலேயே சாகும். விற்பவர் இதைச் சொல்வதில்லை. முதல் தொட்டிக்குக் கிளவுன் மீன் ஒரு சோடியும், பிறகு கிளீனர் இறாலும் போதும்.

வியாபாரமாகச் செய்ய நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, ஆயிரம் ரூபாப்படி பத்து மீன் வாங்குகிறீர்கள். நான்கு செத்தால், மீதி ஆறின் அடக்கவிலை 1,000 அல்ல, 1,667. தீனி எடுக்கும் மீனை 1,400 ரூபாவுக்கு வாங்கி ஒன்றுமே சாகாவிட்டால் அடக்கம் 1,400தான். சாவதை எமது புத்தகத்தில் "செலவு" என்று எழுதுவதில்லை, அதனால்தான் மலிந்த மீன் மலிவாகத் தெரிகிறது.

கொண்டு வந்த பிறகு, தேக்கி வைத்தவரின் தொட்டியில் உப்பு எவ்வளவு என்று கேட்டு வைத்திருக்க வேண்டும். ஒட்டுண்ணியை அடக்க அவர்களில் சிலர் உப்பைக் குறைத்து வைத்திருப்பார்கள். உங்கள் தனித்தொட்டியிலும் முதலில் அதே அளவில் வைத்து, நாட்கணக்கில் ஏற்றுங்கள். நீண்ட நேரம் பையில் வந்த மீனுக்குப் பையைத் திறந்து வைத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவது ஆபத்து. அடைத்த பையில் சேர்ந்த அமோனியா, திறந்து காற்றுப் பட்டதும் நஞ்சாகக் கூடிவிடும். வெப்பம் சமமானதும் மீனை மட்டும் எடுத்து மாற்றுங்கள், பைத்தண்ணீரை வெளியே கொட்டுங்கள். பெரிய தொட்டிக்குப் போகும் முன் நான்கு வாரமாவது தனியே இருக்கட்டும்.

ரெஸ்டூரண்ட்காரர்களுக்கு இரண்டு விடயம். கரப்பானுக்கு ஸ்பிரே அடிக்கும் இரவில் இறால் செத்துவிடும், முன்கூட்டியே தொட்டியை மூடிக் காற்றுப் பம்பை நிறுத்தச் சொல்லுங்கள், காற்று வெளித்ததும் உடனே மறுபடி போடுங்கள். அடுத்தது கரண்ட். 2022 மார்ச் முடிவில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லை. அந்த நாட்களில் என் வாடிக்கையாளர்களில் தொட்டியைக் காப்பாற்றியவர்கள், பெட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பு வைத்திருந்தவர்கள். முழுத் தொட்டியிலும் விலை குறைந்த சாமான் அது.

இவ்வளவையும் கேட்ட தம்பி, "அப்ப பெருநாளைக்கு ஏலாதா நானா?" என்றார். ஏலாது என்றேன். வேறு கடைக்குப் போவார் என்றுதான் நினைத்தேன். தராவீஹ் முடிந்து அன்றிரவே கோல் எடுத்தார்.

பெருநாளன்று அவருடைய ரெஸ்டூரண்டில் தொட்டி இருந்தது. விளக்கு எரிந்தது, என் மாடியில் ஊறிய கற்கள் இருந்தன, தண்ணீர் ஓடியது, மீன் ஒன்றும் இல்லை. சாப்பிட வந்த பிள்ளைகள் எல்லாம் கண்ணாடியில் மூக்கை வைத்து மீனைத் தேடினார்களாம். ஏழாவது வாரம் என் தனித்தொட்டியில் இருந்த கிளவுன் சோடியைக் கொண்டு போய் விட்டேன். அடுத்த மாதம் மூன்று இறால். ஒன்று செத்தது. பவுடர் புளூ எப்போது என்று தம்பி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.